முகத்தைக் காட்ட ஏன் இந்த நடுக்கம்?

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வள்ளுவப் பெருந்தகையும் குறிப்பறிதல் அதிகாரத்தில் முகத்தைப் பற்றித் தனியே பேசியிருக்கிறார். அவர்கள் கண்டதெல்லாம் எதிரே நிற்கும் மனிதரின் முகம். இறுதியாண்டில் இருக்கும் நமக்கோ நிலைமை வேறு. நம் முகத்தை முதலில் பார்க்கப் போகிறவர் எங்கோ ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் அமர்ந்திருக்கும் அதிகாரி. கணினித் திரையின் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு படமாகத்தான் அவர் நம்மைச் சந்திக்கிறார். தன்விவரக் குறிப்பு, தொழிற்பயிற்சி மனு, உபகாரச் சம்பள மனு, லிங்க்ட்இன் பக்கம் என்று எங்கு போனாலும் “உமது படம் எங்கே?” என்ற கேள்வி நமக்கு முன்னால் போய் நிற்கிறது.

இந்தப் படத்தை எடுக்கப் போவதற்குத்தான் நம்மவர்கள் படும் பாடு இருக்கிறதே! கடந்த ஈராண்டுகளாகக் கழகத்தின் தம்பி தங்கைகளின் வேலை மனுக்களைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். மொழிப்பிழை, புள்ளிப் பட்டியல், பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். படம் மட்டும் வராது. “அக்கா, அடுத்த வாரம் எடுத்துடறேன்” என்பார்கள். மனு முடியும் நாளன்று, மாமா மகள் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புவார்கள். தோளில் வேறொருவருடைய கை அப்படியே கிடக்கும். இத்தனைக்கும் இவர்கள் கூச்சம் மிகுந்த பிள்ளைகள் அல்லர். அரங்கு நிறைந்த பட்டிமன்றத்தில் எதிரணியைத் திணறடித்த தங்கை ஒருத்தி, போட்டோக் கடை முக்காலியில் உட்கார்ந்ததும் உறைந்து போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இதைக் “கூச்ச சுபாவம்” என்று சொல்லிக் கடந்து போவது எனக்கு உடன்பாடில்லை. இந்த நடுக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பாதிதான் நம் தலைக்குள் இருக்கின்றன. மீதிப் பாதி கேமராவிலும் விளக்கிலும் கடைக்காரரின் கணினியிலும் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிந்துகொண்டால் நடுக்கம் பெருமளவு அடங்கும் என்பதே என் கருத்து.

முதலில் தலைக்குள் இருப்பதைப் பார்ப்போம். “படத்தில் நான் நானாகவே இல்லை” என்பது எல்லாரும் சொல்லும் குறை. இது பொய்யன்று. நாம் பிறந்தது முதல் பார்த்துப் பழகியது கண்ணாடியில் தெரியும் முகத்தை. அதில் இடவலம் மாறியிருக்கும். வகிடு, மச்சம், மூக்குத்தி எல்லாம் படத்தில் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்போது, அறிமுகமில்லாத உறவினர் ஒருவரைப் பார்ப்பது போல் இருக்கிறது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் நேரான படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் அவளிடமும் அவள் தோழியிடமும் காட்டினார்கள். படத்துக்கு உரியவர்கள் பெரும்பாலும் கண்ணாடி முகத்தையே விரும்பினார்கள். நெருங்கியவர்கள் நேரான முகத்தை விரும்பினார்கள். அவரவருக்குப் பழகியது அவரவருக்கு அழகு! ஆக, நமக்கு அந்நியமாகத் தோன்றும் அந்த முகம்தான் நம் அம்மாவுக்கும் தோழிக்கும் தெரிந்த முகம். நேர்காணல் செய்யப் போகிறவருக்கும் அதுவே தெரியப் போகிறது.

அடுத்தது கைப்பேசி. நாம் நம்மைப் பார்த்து மனம் வெறுப்பது பெரும்பாலும் கை நீட்டி எடுத்த தற்படத்தில்தான். முகத்துக்கு மிக அருகில் கேமரா இருக்கும்போது, அதற்கு மிக நெருங்கி நிற்கும் மூக்கு பெருத்தும் காது சுருங்கியும் தெரியும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டே காட்டியது. 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடித் தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றுகிறதாம். அதை எழுதியவர்களில் முக அறுவைச் சிகிச்சை மருத்துவரும் இருந்தார். தற்படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சரிசெய்யச் சொல்லி வருவோர் பற்றிய கவலை அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தது. முகப்படம் எடுப்பவர்கள் 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான வில்லையை மாட்டிக்கொண்டு ஐந்தாறு அடி தள்ளி நிற்பதன் காரணமும் இதுவே. ஆகவே கைப்பேசியை நம்பித் தன் மூக்குக்குத் தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் தாராளமாக மேல்முறையீடு செய்யலாம்.

இவை எந்த நாட்டு மாணவருக்கும் பொது. நம் வீட்டுக் கதை ஒன்று தனியே இருக்கிறது. அதைப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் படம் எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது மலாயாவில் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் படமும் பெருவிரல் ரேகையும் வேண்டும். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பலருக்கு வாழ்நாளின் முதல் படமே அதுதான் என்று எங்கள் குடும்பத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டிய படம் அது. அதில் யார் சிரிப்பார்கள்? அடுத்து, பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் படம். ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்து, முகத்தில் பவுடர் ஓர் அங்குலம் ஏறியிருக்கும். அந்தப் படம் திரும்பி வந்தால் வீடே இரண்டு நாள் பேசாது. மூன்றாவது படம், மாலை போட்டுச் சுவரில் மாட்டுவது. அதற்கென்று தனியாக எடுப்பதில்லை. அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கிக் கொள்வார்கள்.

மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனியுங்கள். நம்மை யாரோ எடைபோடுவதற்காகவே கேமரா நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. விளையாட்டாக, வேடிக்கையாக ஒருவரை ஒருவர் படமெடுத்துக் கொள்ளும் பழக்கம் நமக்குப் பிந்தித்தான் வந்தது. “நேரா உட்காரு, பல்லைக் காட்டாதே, அசையாதே” என்று அப்பா சொல்லும்போது அவர் தம் அப்பாவிடம் கேட்டதைத்தான் சொல்கிறார். ஸ்டூடியோ முக்காலியில் நம் தோள் இறுகுவதற்கு இந்தப் பரம்பரைப் பாடமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இதை எந்த ஆய்வாலும் நிறுவ என்னால் முடியாது. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், அது போதும்.

இனி, எல்லாரும் மனத்தில் வைத்துக்கொண்டு வாய்திறந்து பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். நிறம்!

“கறுப்பா தெரிவேனோ” என்ற அச்சம்தான் நம் மாணவர்களின் நடுக்கத்தில் பெரும்பங்கு. இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. படித்த பிள்ளைகள் அல்லவா, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். ஆனால் கடைக்குப் போய்வந்த பிறகு கேட்டால் முதலில் வரும் சொல் அதுதான். தயவுசெய்து இதைத் தாழ்வு மனப்பான்மை என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கேமரா கறுப்பு முகத்தை உள்ளபடி காட்டத் தவறுவது நெடுங்காலக் கதை.

அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து, படச்சுருளைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைத்தோல் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். அந்த வேலையில் இருந்தவர்கள் அதை “ஷெர்லி அட்டை” என்றார்கள். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. அவளுக்குச் சரியாக அமைத்த இயந்திரத்தில்தான் உலகத்தார் எல்லாருடைய படமும் கழுவப்பட்டது. கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் சேர்ந்து நிற்கும் வகுப்புப் படத்தில் முன்னவரின் பல்லும் கண்ணும் மட்டுமே தெரிந்தன என்று பெற்றோர்கள் குறைபட்டார்கள். படச்சுருள் திருந்தத் தொடங்கியது எதனால் தெரியுமா? கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாக்லெட் விளம்பரம் எடுப்பவர்களும் மரத் தளவாடம் விற்பவர்களும், தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டார்களாம். மனிதர் சொல்லிக் கேளாததை மேசை நாற்காலி சொல்லிக் கேட்டார்கள்! நம் நாட்டுச் சிற்றூர்களின் மஞ்சள், பச்சைப் பலகை மாட்டிய கடைகளில் நம் பெற்றோர் கழுவி வாங்கிய படங்களுக்கும் இந்தத் தொழில்நுட்பமே தாய்.

இப்போதுதான் படச்சுருளே இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் போட்டோக் கடையில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். கேமராவின் தானியங்கி அளவி, தன் முன் உள்ள காட்சி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பின்னால் பளீரென்ற வெள்ளைத் திரை இருந்தால் “வெளிச்சம் மிகை” என்று அது ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். இருட்டாவது முகம்தான். கையால் அளவு வைக்கும் கடைக்காரரும் பெரும்பாலும் விளக்கை ஒரே அளவில் நிறுத்தி வைத்து, காலை முதல் இரவு வரை வருகிற எல்லாரையும் அதே அளவில்தான் எடுக்கிறார். நமக்கென்று விளக்கைக் கொஞ்சம் நகர்த்த அவருக்கு நேரமில்லை. பிறகு கணினியில் உட்கார்ந்து, இருண்டு போன முகத்தை ஒரே இழுப்பில் வெளுக்க வைக்கிறார். அதனால்தான் நம் முகம் சாம்பல் பூசியது போல் வருகிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். இது படமெடுத்தவரின் வேலைக் குறை. உட்கார்ந்திருந்தவரின் நிறக் குறை அன்று. இந்த ஒன்றை மட்டும் நம்மவர்கள் புரிந்துகொண்டால் போதும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

வெளுக்க வைப்பதைக் கேட்டும் செய்வதில்லை. அது ஏதோ இலவசச் சலுகை போல! ஒரு கடையில் என் தோழிக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். நல்ல கறுப்பு நிறம் அவளுக்கு. படத்தில் சந்தன நிறத்தில் ஒருத்தி இருந்தாள். கன்னத்து மச்சமும் காணாமல் போயிருந்தது. மறுநாளே மனு முடிவதால் அதையே அனுப்பினாள். நேர்காணல் அறைக்குள் நுழைந்தபோது எதிரே இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு விநாடியில் தன் கையில் இருந்த துணிச்சல் எல்லாம் வடிந்து போனது என்றாள். பொறியியலில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றவள் தன்னை ஓர் ஏமாற்றுக்காரி போல் உணர வேண்டி வந்தது. படத்தில் பொய் சொன்னவர் வேறொருவர். கூனிக் குறுகி நின்றவள் அவள்.

நாமே கேட்டு வாங்குவதும் நடக்கிறது என்பதை மறைப்பானேன்? “கொஞ்சம் பிரைட்டா பண்ணிடுங்க அங்கிள்” என்று சொல்லும் தம்பிகளை எனக்குத் தெரியும். வெளுப்பாக இருந்தால் கூப்பிடுவார்கள் என்ற கணக்கு. 1975இல் இந்தியாவில் சந்தைக்கு வந்து நம் வீட்டு அலமாரி வரை வந்த “ஃபேர் அண்ட் லவ்லி”, 2020இல் “குளோ அண்ட் லவ்லி” என்று பெயர் மாற்றிக்கொண்டது. குழாயின் மேல் எழுதியிருந்த பெயர் மாறியது. அதைத் தடவிய தலைமுறையின் எண்ணம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. அந்தத் தம்பிகளின் கணக்கை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது தவறான கணக்கு. படத்தைப் பார்த்து அழைப்பவர் நேரில் பார்க்கத்தான் போகிறார். அன்று சமாளிக்க வேண்டியது இரட்டிப்பாகிறது.

இப்போது புதிதாகச் செயற்கை நுண்ணறிவு முகப்படம் வந்திருக்கிறது. பத்துத் தற்படத்தைக் கொடுத்தால் கோட்டும் டையும் மாட்டி நூறு படம் தருகிறது. ஸ்டூடியோ பயம் இல்லை, முக்காலி இல்லை. இதுதான் தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். 2023இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த ஆசிய அமெரிக்கப் பெண் ஒருவர், தம் படத்தைத் தொழில்முறை லிங்க்ட்இன் படமாக மாற்றும்படி இத்தகைய செயலி ஒன்றைக் கேட்டார். அது அவருக்கு வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் கொடுத்தது! அச்செய்தி உலகெங்கும் பரவியது. தொழில்முறைத் தோற்றம் என்றால் இன்ன நிறம் என்று அந்த இயந்திரம் எங்கிருந்தோ கற்று வைத்திருக்கிறது. ஷெர்லி இன்னும் சாகவில்லை போலும்.

சரி, படத்தை ஒட்டத்தான் வேண்டுமா? இங்கே என் கருத்தோடு நண்பர்கள் பலர் முரண்படுகிறார்கள். சிங்கப்பூரில் நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிகள், வேலைக்குத் தொடர்பில்லாத தனிவிவரங்களை மனுப் படிவத்தில் கேட்கலாகாது என்கின்றன, படமும் அத்தகையதே. அங்கே 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. அது பாகுபாடு பற்றிய பிணக்குகளை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் அது முதலாளிக்கும் அவரிடம் ஏற்கெனவே வேலை செய்பவருக்கும் இடையிலான பிணக்கு. வாசலில் மனுவோடு நிற்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆகவே விளம்பரத்தில் கேட்காத இடத்தில் படத்தை வலியக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள் என்பது என் கட்சி.

“படம் இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறான் என்பார்கள்” என்பது எதிர்க்கட்சி. மறைக்க என்ன இருக்கிறது? நம் பெயரில் நிற்கும் ‘அனாக் லெலாகி’, ‘அனாக் பெரெம்புவான்’ எல்லாவற்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறதே! நான் சொல்வது மறைப்பதற்காக அன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் நடந்த சோதனை ஒன்றில், முன்பின் அறியாத முகத்தைப் பார்த்து “நம்பத்தக்கவர், திறமையானவர்” என்றெல்லாம் முடிவுகட்ட மனிதர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடியே போதுமாயிருந்தது. கூடுதல் நேரம் கொடுத்தபோதும் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. மூன்றாண்டு உழைப்பைப் பத்தில் ஒரு பங்கு விநாடியிடம் முதலில் ஒப்படைப்பானேன்? புள்ளிகள் முதலில் பேசட்டும், முகம் பிறகு பேசட்டும் என்பதே என் வாதம். ஆயினும் கேட்கும் நிறுவனங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். லிங்க்ட்இன் பக்கத்துக்கும் படம் வேண்டும். எனவே எடுப்பது தவிர்க்க முடியாதது. நன்றாக எடுத்துக்கொள்வதுதான் வழி.

அதே பிரின்ஸ்டன் ஆய்வாளர் தோதொரோவ் 2014இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு ஆறுதல் தரும். ஒரே மனிதரின் வெவ்வேறு படங்களைக் காட்டினால் அவரைப் பற்றிய அபிப்பிராயமும் வெவ்வேறாக வருகிறதாம். அப்படியானால் ஒரு படம் மோசமாக வந்ததென்றால் அந்தப் படம் மோசமாக வந்தது, அவ்வளவுதான். 1839இல் புகைப்படக்கலை பிறந்த புதிதில் ஒரு படத்துக்கு ஆள் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாமல் பின்னாலிருந்து இரும்புக் கவ்வியைக் கூடப் பொருத்தினார்கள். இன்று கால் மணி நேரத்தில் நூறு படம் எடுக்கலாம். நூறில் தொண்ணூற்றெட்டு வீணாகப் போகட்டுமே! பிறகு தேர்ந்தெடுக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், தம் படத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர்களைவிட அவர்களை அறியாத மூன்றாம் மனிதர்கள் தேர்ந்தெடுத்த படங்களே நல்ல எண்ணத்தை உண்டாக்கின என்று கண்டார்கள். உங்களை அதிகம் தெரியாத வேறு துறை மாணவர் இருவரிடம் பத்துப் படங்களைக் காட்டிக் கேளுங்கள். அம்மாவிடம் கேட்டால் எல்லாம் அழகு என்பார். அது வேறு கணக்கு.

கடைக்குப் போகும் நாளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். முடிவெட்டுவதை அன்றே வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கைந்து நாள் முன்னால் முடித்துவிடுங்கள். புதுச் சட்டையை ஒரு மணி நேரமாவது போட்டுப் பழகுங்கள், கழுத்துப் பட்டி உறுத்தினால் அது கண்ணில் தெரியும். நம் ஊர் வெயிலில் பேருந்து இறங்கி நடந்து போய் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தால் நெற்றி பளபளக்கும். இருபது நிமிடம் முன்னதாகப் போய்க் குளிர்சாதனத்தில் இருந்து, வியர்வை அடங்கிய பின் மெல்லிய தாளால் ஒற்றிக்கொள்ளுங்கள். பவுடரைக் கொட்டாதீர்கள், விளக்கு வெளிச்சத்தில் அது வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும்.

பொட்டு வைக்கலாமா, மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா என்று தங்கைகள் கேட்கிறார்கள். நாளை அந்த அலுவலகத்துக்கு எப்படிப் போகப் போகிறீர்களோ அப்படியே எடுங்கள். பொட்டோடு போகிறவர் பொட்டோடு எடுக்கட்டும். சேலை கட்டினாலும் பாதகமில்லை. சரிகை குறைந்த, ஒரே நிறச் சேலையாக இருந்தால் கண் முகத்துக்குப் போகும்.

மிக முக்கியமானது கடைக்காரரிடம் பேசுவது. நம்மவர்கள் போய் உட்கார்ந்து, எடுத்து முடித்ததும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பல் மருத்துவரிடம் கூட இதைவிட அதிகம் பேசுவோம். வெள்ளைத் திரை கடப்பிதழுக்குத்தான் வேண்டும். வேலைப் படத்துக்குச் சாம்பல் அல்லது கருநீலத் திரை கேளுங்கள். கறுப்பு முகத்துக்கு, நேரே முகத்தில் அடிக்கும் சிறு விளக்கைவிடப் பக்கவாட்டிலிருந்து வரும் பெரிய, மென்மையான வெளிச்சம் நன்றாக எடுபடும். கன்னத்தின் வளைவும் தாடையின் வடிவும் அப்போதுதான் தெரியும். முதல் படத்தைத் திரையில் காட்டச் சொல்லி, முகம் இருட்டாக இருந்தால் “கணினியில் சரிசெய்ய வேண்டாம், விளக்கைக் கூட்டி மறுபடி எடுங்கள்” என்று சொல்லுங்கள். தயங்கினால் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை மனனம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: “ஜாங்ஙான் பூத்தேக்கான் மூக்கா சாயா.” என் முகத்தை வெளுக்க வைக்காதீர்கள்! சொன்னால் பெரும்பாலோர் கேட்கிறார்கள். யாரும் சொன்னதில்லை, அதனால் அவர்களும் கேட்டதில்லை.

சிரிப்பு பற்றியும் ஒரு சொல். “ஸ்மைல்” என்றதும் உதட்டை மட்டும் இழுத்தால் சிரிப்பாகாது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862லேயே எழுதி வைத்தார்: உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும், அதை ஆணையிட்டு அசைப்பது கடினம். ஆகவே சிரிக்க முயலாதீர்கள், சிரிக்க வைக்கும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தோழியோ அறைத்தோழனோ கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் வம்பு பேசட்டும். அந்நிய மொழியில் “சின் டவுன், லெஃப்ட் சோல்டர்” என்று கட்டளை கேட்டுக்கொண்டிருக்கும் முகத்துக்கும், “ஏய், நேத்து கேண்டீன்ல என்ன நடந்துச்சு தெரியுமா” என்று கேட்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் நீங்களே காணலாம். பட்டிமன்றத் தங்கை உறைந்து போனாள் என்றேனே, அவளுக்கு மருந்தானதும் இதுதான். எதிரணித் தலைவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், முகம் மலர்ந்துவிட்டது.

அப்படியும் நெஞ்சு படபடத்தால் படபடக்கட்டும். ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் செய்த சோதனைகளில், பாடவும் பேசவும் போகுமுன் “அமைதியாயிரு” என்று தமக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட “எனக்கு உற்சாகமாயிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அச்சத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் ஓடும் துடிப்பு ஏறத்தாழ ஒன்றே; அடக்குவதைவிடப் பெயரை மாற்றுவது எளிது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டு, கண்ணை மூடி, எடுப்பவர் மூன்று எண்ணியதும் திறந்து பாருங்கள். இறுகிய பார்வை தளர்ந்திருக்கும்.

இவ்வளவும் ஒருவர் தனியே செய்ய வேண்டியவை. ஆனால் இதைத் தனியே செய்யச் சொல்வதுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது. பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர், ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் கேட்கும் ஸ்டூடியோவுக்குப் போக மாட்டார். மலிவான கடைக்குப் போய்ச் சாம்பல் முகத்தோடு திரும்புவார். நாம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் நாடக விழாவுக்கும் கேமராவை வாடகைக்கு எடுக்கிறோம், மேடை முழுக்க விளக்குப் போடுகிறோம். அதே கேமராவும் அதே விளக்கும் மறுநாள் காலை மூன்று மணி நேரம் இருந்தால் இறுதியாண்டு மாணவர் அத்தனை பேருக்கும் முகப்படம் எடுத்துவிடலாமே!

வரும் பருவத்தில் செயலவை இதை எடுத்துச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தொழிற்பயிற்சி மனுக்கள் போவதற்கு ஒரு மாதம் முன்னதாக நாள் குறிக்க வேண்டும். கிழக்குப் பக்கம் பெரிய சன்னல் உள்ள விரிவுரை அறை ஒன்று கிடைத்தால் விளக்குக் கூட வேண்டாம். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு வெள்ளை அட்டை, பின்னால் தொங்கவிட நான்கு மீட்டர் சாம்பல் நிறத் துணி, 85 மில்லிமீட்டர் வில்லை ஒன்று போதும். வில்லையைப் புகைப்படக் கழகத்தில் இரவல் கேட்கலாம். கோட்டு இல்லாதவர்களுக்காக அளவுக்கு ஒன்றாக நான்கு கோட்டுகளைப் பட்டதாரி அண்ணன்மாரிடம் வாங்கி வைக்க வேண்டும். இருவர் இப்போதே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வம்பு பேசும் பொறுப்பை நாடகக் குழுவிடம் விட்டுவிடலாம்.